வள்ள நேரம்

உதைபந்தாட்டத்துக்குச் சட்டப்புத்தகம் எழுதியவர்களில் ஒருவர்கூடக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கடைசி வள்ளத்தைத் தவறவிட்டவரில்லை. காயம் பட்டதற்கும் பந்து தேடியதற்கும் நடுவர் நேரம் கூட்டலாம் என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். கூட்டிய நேரத்துக்கு வள்ளம் நிற்குமா என்று எழுதவில்லை.

ஆகவே எங்கள் தீவுப்பகுதியில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. நடுவரின் கையில் கட்டியிருப்பது ஒன்று. மற்றது வள்ள நேரம். நெடுந்தீவுப் பிள்ளைகள் கடல் கடந்து விளையாட வந்தால், ஆட்டம் எப்போது முடியும் என்பதைக் குறிகட்டுவானுக்குப் போகிற பஸ்தான் சொல்லும். சாரதி மைதானத்து மதிலோரம் நிறுத்தி, நீட்டி ஒரு ஹோண் அடிப்பார். நடுவர் விசிலை வாயில் வைப்பார். பிள்ளைகள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வியர்வையோடு ஏறி ஓடிவிடுவார்கள். தோற்றவர்களும் முறைப்பாடு செய்வதில்லை. முறைப்பாடு எழுதி முடிக்கிற நேரத்துக்கு வள்ளம் போய்விடும்.

தில்லைநாதன் மாஸ்டர் இப்படி ஊதி ஊதியே தலை நரைத்தவர். சுருவிலில் வீடு. மைதானம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இல்லை, வேறொன்றில் உடற்கல்வி படிப்பிக்கிறவர். மனைவி நாகபூசணி நெடுந்தீவில் பிறந்தவள். வள்ளத்தைத் தவறவிட்ட நெடுந்தீவார் பாதிப் பேர் அவர் வீட்டு விறாந்தையில்தான் வந்து படுப்பார்கள். அதனால்தான் மாஸ்டர் நேரத்துக்கு ஊதிவிடுகிறார், இல்லாவிட்டால் பதினொரு பேருக்கும் பாய் போட வேண்டுமே என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். அப்படிச் சிரிக்கக்கூடிய மனிதராகத்தான் அன்று மத்தியானம்வரை இருந்தார்.

அன்று பதினெட்டு வயதுப் பிரிவின் கடைசிப் போட்டி. சமநிலையில் முடிந்தாலே உள்ளூர்ப் பள்ளிக்கூடம் மாகாணத்துக்குப் போய்விடும். நெடுந்தீவு போகவேண்டுமென்றால் வென்றே ஆகவேண்டும். நெடுந்தீவு அணிக்குத் தலைவன் நிலக்ஷன், நாகபூசணியின் தம்பி மகன். பிள்ளைகளில்லாத அந்த வீட்டில் விடுமுறைக்கு வந்து நின்று, மாமியின் கையால் தின்று வளர்ந்தவன். அவனுக்கு இதுதான் கடைசி வருடம். மாகாணத்தில் ஆடினால்தான் அணித் தெரிவாளர்களின் கண்ணில் படுவான். நெடுந்தீவு மைதானத்தில் எவ்வளவு ஆடினாலும் பார்ப்பதற்குக் காற்றும் மாடுகளும்தான்.

மருமகன் ஆடுகிற போட்டிக்கு ஊதமாட்டேன் என்றுதான் தில்லைநாதன் முதலில் சொன்னார். வரவேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டு பக்கமும் சம்மதம் சொன்ன பிறகுதான் விசிலை எடுத்தார். இறங்கும்போது வேலியோரம் நின்ற ஒருவன், "சேர், மருமகனைப் பாத்து ஊதுங்கோ" என்று பகிடிவிட்டான். சனம் சிரித்தது. அவருக்கு அது காலில் தைத்த முள்ளாகக் கிடந்தது.

தொடங்குமுன் நெடுந்தீவு அணியின் பொறுப்பாசிரியை பிரியவதனி ஓடிவந்தாள்.

"சேர், இண்டைக்கு வள்ளத்தைப் பற்றி யோசியாதேங்கோ. மண்கும்பானிலை ஒரு வீடு எடுத்திருக்கு. இரவு தங்கிக் காலமைதான் போறம். உங்கட வீட்டு அக்காதான் சமைக்கிறா, தெரியுந்தானே? ஒரு நாளைக்காவது இந்தப் பிள்ளையளை முழு நேரமும் விளையாட விடுங்கோ."

"ஓம் ரீச்சர், தெரியும். பயப்பிடாதேங்கோ," என்றார் தில்லைநாதன்.

சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. உயர அடித்த பந்தெல்லாம் திரும்பி அடித்தவனிடமே வந்தது. இரண்டாம் பாதியில் ஒருமுறை பனை வடலிக்குள் போன பந்து மட்டைக் கருக்கில் கிழிந்து, வேறு பந்து கொண்டுவரும்வரை எல்லோரும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். தில்லைநாதன் நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டார். அதில் அவர் கெட்டிக்காரர். கடைசியில், ஆட்டம் சமநிலையில் இருக்க, நெடுந்தீவுப் பொடியள் ஆளுக்குமேல் ஆளாக நெருக்கினார்கள். நிலக்ஷன் ஒருவனை வெட்டி, இன்னொருவனை வெட்டிக்கொண்டு கோல் பெட்டிக்குள் போனான்.

அப்போது மதிலோரத்தில் பஸ் நின்று, நீட்டி ஹோண் அடித்தது.

தில்லைநாதனின் கை தானாக எழுந்தது. விசில் வாய்க்குப் போனது. ஊதிவிட்டார். ஊதுகிறோம் என்று அவர் நினைக்கவேயில்லை. நித்திரையில் கடிக்கிற நுளம்பை அடிக்கிறவன் நினைத்தா அடிக்கிறான்? அந்த விசிலோடு விசிலாகப் பந்து வலைக்குள் விழுந்தது.

"சேர்! நேரம் இருக்கே சேர்! கிழிஞ்ச பந்துக்குக் கூட்டேல்லையோ?" பிரியவதனி கோட்டைத் தாண்டி ஓடிவந்தாள்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் நாலு நிமிடத்துக்குக் கிட்ட இருந்தது. செய்ய வேண்டியது சின்ன வேலை. 'பிழைச்சுப் போச்சு, பஸ் ஹோணிலை ஊதிப்போட்டன்' என்று சொல்லி, பந்தை நிலத்தில் போட்டு மறுபடி ஆடவிடுவது. அந்தக் கோல் கிடையாது, ஆனால் அந்த நிமிடங்கள் கிடைத்திருக்கும். அவர் வாயைத் திறக்கவும்தான் செய்தார். வேலியோரத்திலிருந்து குரல் வந்தது: "மருமகனுக்கு நேரம் கூட்டப்போறாரடோ!"

தில்லைநாதன் மணிக்கூட்டின் பொத்தானை அமத்தினார். இலக்கங்கள் பூச்சியமாயின.

"நேரம் முடிஞ்சுது," என்றார்.

உள்ளூர்ப் பொடியள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். யாருமே ஏறாமல் பஸ் குறிகட்டுவானுக்குப் போனது.

* * *

மண்கும்பானில் அந்த வீட்டுக் கோடிப்புறத்தில் நாகபூசணி கிடாரத்தில் சோறு இறக்கிவிட்டு, கணவாய்க் கறியைத் தாச்சியில் பிரட்டிக்கொண்டிருந்தாள். வென்றாலும் தோற்றாலும் பிள்ளைகள் பசியோடு வருவார்கள் என்று மத்தியானமே அடுப்பு மூட்டியவள். பனம் மட்டை புகைந்து கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தில்லைநாதன் அவளைக் கூட்டிக்கொண்டு போக மோட்டார் சைக்கிளில் வந்து, உள்ளே போகத் துணிவில்லாமல் கிணற்றடியில் நின்றார். கடற்கரை மணலில் பொடியள் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள்.

நிலக்ஷன் ஒரு கோப்பையில் சோறும் கறியும் கொண்டுவந்தான்.

"மாமா, மாமி உங்களுக்குப் போட்டுத் தந்தவ."

"நீ சாப்பிட்டனியோ?"

"பிறகு சாப்பிடுறன்."

"நிலக்ஷன்..."

"விடுங்கோ மாமா. நேரம் முடிஞ்சால் நீங்கள் என்ன செய்யிறது? பிழை என்னிலைதான். இடக்காலாலையே அடிச்சிருக்க வேணும். வலக்காலுக்கு மாத்தப்போய்ப் பிந்திப் போச்சு. பொடியள் அதைத்தான் சொல்லி ஏசுறாங்கள்."

அவன் கோப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனான். தில்லைநாதன் ஒரு வாய் வைத்தார். நாகபூசணியின் கணவாய்க் கறிக்குத் தீவுப்பகுதியில் ஈடு கிடையாது. அன்று அவருக்கு அது ருசிக்கவில்லை. நாய்க்குப் போட்டால் அவள் கண்டுவிடுவாள் என்று பயந்து முழுவதையும் தின்றார்.

திரும்பும்போது நாகபூசணி பின்னாலிருந்து சொன்னாள்:

"அந்த ரீச்சர் உங்களைப் பற்றி ஏதோ கதைக்க வெளிக்கிட்டா. வடிவா ஏச்சுக் குடுத்தனான். எங்கட அவர் மற்ற எதிலையும் பிழை விடுவார், உப்பை மறந்துபோட்டுச் சீனியோடை வருவார், ஆனா விசில் விஷயத்திலை ஒரு சொட்டும் பிழை வராதெண்டு சொன்னனான். தம்பியும் போன் எடுத்தவன். 'அத்தான் வேணுமெண்டுதான் செய்தவர்' எண்டு கத்தினான். 'அப்பிடிச் சொல்லுற வாயாலை இனி என்னை அக்கா எண்டு கூப்பிடாதை' எண்டு வச்சிட்டன். சரிதானே?"

காற்று எதிரே அடித்தது. கேட்காதவர்போல் அவர் ஓட்டினார்.

* * *

அடுத்து வந்த சனிக்கிழமை காலமை தில்லைநாதன் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றார். தண்ணி இறைக்கிற மிசின் கிணற்றடியில் இரைந்தது. ஒரு பாத்தி நிரம்ப மண்ணை வெட்டி அடைத்து, மற்றப் பாத்திக்கு வாயைத் திறக்கிற வேலை. காலடியில் தண்ணீர் குளிராக ஓடினால் அவருக்கு எந்தக் கவலையும் பறந்துவிடும். அன்று பறக்கவில்லை.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் ரஜீபன் வரம்பில் வந்து நின்றான். தில்லைநாதன் முன்பு அங்கே படிப்பித்த காலத்தில் அவரிடம் படித்தவன்.

"சேர், நீங்கள் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய ஆள்."

"ஏன் தம்பி, விடியவெள்ளன?"

"சொந்த மருமகன். பெண்சாதியின்ர தம்பியின்ர பொடியன். கண்ணுக்கு முன்னாலை கோல் போகுது. எண்டாலும் நேரம் நேரமெண்டு ஊதினீங்களே! ஆர் செய்வான் இப்பிடி? ஊரெல்லாம் இந்தக் கதைதான். கனடாவிலையிருந்து போன் எடுத்துக் கேக்கினம். பரிசளிப்பிலை உங்களுக்குப் பொன்னாடை போடுறதெண்டு சங்கத்திலை ஒரே முடிவு."

"எனக்கு உதொண்டும் வேண்டாம்."

"பாத்தியளே, இந்தத் தன்னடக்கம்தான்! ஆனா சேர், நெடுந்தீவு ரீச்சர் முறைப்பாடு குடுத்திருக்கிறா. திங்கட்கிழமை விசாரணையாம். ஒரு வீடியோவும் இருக்குத்தான், ஆனா கடைசித் துண்டு மட்டும்தான் எடுத்திருக்கிறாங்கள். ரெண்டாம் பாதி எப்ப தொடங்கினதெண்டு அதிலை இல்லை. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். உங்கட சொல்லுக்கு மேலை சொல்லில்லை."

பாத்தி நிரம்பி வழிந்து, பக்கத்து வரம்பை அரித்துக்கொண்டு ஓடியது. தில்லைநாதன் கவனிக்கவில்லை. ரஜீபன்தான் மண்வெட்டியைப் பறித்து அடைத்தான். "சேருக்கு வயசு போகுது," என்று சிரித்துக்கொண்டே போனான்.

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த நாகபூசணி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அரிவாளும் கையுமாக வந்தாள். முகம் பூரித்திருந்தது.

"மருமகனுக்கு இல்லாமல் போனது எனக்குக் கவலைதான். ஆனா மனிசர் உங்களை இப்பிடிச் சொல்லேக்கை ஒரு பெருமை வருகுது. தம்பிக்கும் ஒரு நாள் விளங்கும்."

திட்டு வாங்கினால் மனிதன் தாங்கிக்கொள்வான். பாராட்டுத்தான் பொல்லாதது. தில்லைநாதன் வரம்பில் குந்திவிட்டார்.

"அப்பிடி இல்லை," என்றார்.

"என்ன இல்லை?"

"நேரம் முடியேல்லை. பஸ் ஹோண் அடிச்சது, நான் ஊதிப்போட்டன். வள்ளத்துக்கெண்டு கை தன்பாட்டிலை போட்டுது."

நாகபூசணி யோசித்தாள். "பழக்க தோஷம்தானே. அதுக்கென்ன? பிழைச்சுப் போச்செண்டு சொல்லித் திருப்பித் தொடங்கியிருக்கலாமே?"

"அதைத்தான் சொல்ல வெளிக்கிட்டனான். மருமகனுக்கு நேரம் கூட்டுறார் எண்டு ஒருத்தன் கத்தினான். பயந்திட்டன். மணிக்கூட்டை அழிச்சுப்போட்டு முடிஞ்சுதெண்டு சொன்னனான்."

மிசின் இரைந்துகொண்டிருந்தது. நாகபூசணி போய் அதை நிற்பாட்டிவிட்டு வந்தாள். இந்தப் பேச்சை மிசின் சத்தத்தில் மறைக்க அவளுக்கு விருப்பமில்லை.

"அண்டைக்கு நான் பின்னாலை இருந்து சொல்லிக்கொண்டு வந்தன். தம்பியோடை உறவை அறுத்துப்போட்டன் எண்டு சொன்னன். கேட்டதுதானே?"

"ஓம்."

"கேட்டுக்கொண்டு ஓடினீங்கள்."

"ஓம்."

"அந்தப் பொடியன் தன்ர கால் பிழையெண்டு நினைச்சு அழுதவன். ரா முழுக்க அழுதவனாம். ரீச்சர் அடுத்த நாள் போனிலை சொன்னவ. அப்பவும் நான் அவவுக்கு மறுமொழி ஏசினனான்." அவள் அரிவாளை வரம்பில் போட்டாள். "நேர்மையான மனிசனெண்டு பேர் வாங்கிறதுக்கு என்ர தம்பி பிள்ளைதான் கிடைச்சானோ உங்களுக்கு?"

அவர் நிலத்தைப் பார்த்தார். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. ஐம்பத்தைந்து வயதில், மனைவிக்கு முன்னால், ஈர மண்ணுக்குள் புதைந்துபோனால் நல்லது என்று இருந்தது.

"திங்கட்கிழமை சொல்லுறன்," என்றார்.

"சொல்லுங்கோ. எனக்காண்டி இல்லை. உங்களை நான் இனி நிமிந்து பாக்க வேணுமெண்டால் சொல்லுங்கோ."

* * *

விசாரணை ஒரு பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்பறையில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள். தலைவராக இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர். உள்ளூருக்காக ரஜீபன் வந்திருந்தான். மறுபக்கம் பிரியவதனியும் நிலக்ஷனும். பிரியவதனி கிழிந்த பந்தைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு தலைவர் தில்லைநாதனைப் பார்த்தார்.

"மாஸ்டர், என்ன சொல்லுறியள்?"

"ரீச்சர் சொல்லுறது சரி. நேரம் இருந்தது. நான் முந்தி ஊதிப்போட்டன். ஊதினது கைப்பிழை. பிறகு முடிஞ்சுதெண்டு சொன்னது பொய். போட்டியைத் திருப்பி வைக்கவேணும்."

இரண்டு இரவு புரண்டு புரண்டு சேர்த்து வைத்த சொற்கள். சொன்னதும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்குவதற்கு முதல் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முழு நேரமும் நடந்ததெண்டு அறிக்கையிலை நீங்கள்தானே கையெழுத்து வச்சிருக்கிறியள்?"

"ஓம். அதுவும் பொய்."

"மணிக்கூட்டிலை ஏதும் இருக்கோ?"

"அழிச்சுப்போட்டன்."

"வேறை ஆரும் நேரம் பாத்தவையோ?"

"இல்லை. நான் மட்டும்தான்."

ரஜீபன் எழுந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தில் இரக்கம்தான் இருந்தது.

"ஐயா, சேரை நான் ஒண்டும் குறையாச் சொல்லேல்லை. எனக்குப் படிப்பிச்சவர். மைதானத்திலை நிண்டு ஒருத்தருக்கும் பயப்பிடாமல் ஊதினவர். அதுக்குப் பிறகு வீட்டை போய் இருக்கவேணுமே? தம்பி பிள்ளைக்காண்டி மனிசி அழுதால் எந்த மனிசன்தான் தாங்குவான்? என்ர வீட்டிலையும் உதுதான் நடக்கும். அதை மனசிலை வச்சு, சேர் அண்டைக்குச் சொன்னதையே எடுங்கோ. இது மருமகனுக்காண்டிச் சொல்லுறது. இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் விளங்குது."

"இல்லை," என்றார் தில்லைநாதன். "இதுதான் உண்மை. அதுதான் பொய்."

ஒருவரும் மறுக்கவில்லை. தலையை ஆட்டினார்கள். பெண்சாதி வீட்டாரிடம் அகப்பட்ட ஆண்பிள்ளைக்கு ஆட்டுகிற ஆட்டல் அது. மனைவியின் பெயரும் இப்போது இதற்குள் வந்து விழுந்துவிட்டது என்று அவருக்கு உறைத்தது. பொய் சொன்ன அன்று ஊரே நம்பியது. உண்மையை நம்ப அந்த அறையில் ஒரு கதிரைகூட இல்லை.

தலைவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆதாரம் இல்லை, மைதானத்தில் நடுவர் சொன்னதே முடிவு, முறைப்பாடு தள்ளுபடி. மாஸ்டர் கொஞ்சக் காலம் விசிலைத் தொடாமல் இளைப்பாறினால் எல்லோருக்கும் நல்லது.

பிரியவதனி கைப்பையை எடுத்துக்கொண்டு அவரருகில் நின்றாள். "நான் அண்டைக்கே கேட்டனான் சேர்," என்றாள். வீதிக்கு நடந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் தில்லைநாதன் மோட்டார் சைக்கிளின் சாவித் துவாரத்தில் திறப்பைப் போட மறந்து நின்றார். நிலக்ஷன் வந்தான்.

"மாமா, ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கப்படாது."

"கேள்."

"மெய்யா நேரம் இருந்ததோ? இல்லாட்டி மாமி அழுதவ எண்டு எனக்காண்டிச் சொன்னனீங்களோ?"

"இருந்தது, அப்பன்."

அவன் கிட்ட வந்தான். "மாமியாணை?"

ஆணை கேட்பது சின்னப் பிள்ளைகளின் பழக்கம். மாபிள் குண்டு ஒளித்தவனிடம் கேட்பார்கள். நேரம் எவ்வளவு, பந்து கோட்டுக்குள்ளா வெளியிலா என்று இத்தனை வருடமாக அவர் சொன்னதற்கு ஒருவரும் ஆணை கேட்டதில்லை. அவர் காது மடலெல்லாம் சுட்டது.

"மாமியாணை," என்றார்.

நிலக்ஷன் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு மூச்சை விட்டான்.

"பொடியளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது, மாமா?"

"நேரம் முடியேல்லை, மாமாதான் பிழையெண்டு சொல்லு."

"நம்பமாட்டாங்கள்."

"நீ சொன்னால் நம்புவாங்கள்."

"இல்லை மாமா," என்றான் அவன். கோபமில்லாமல், கணக்குச் சொல்கிறவன்போலத்தான் சொன்னான். "நானே ஆணை கேட்டுத்தானே நம்பினனான்."

ரீச்சர் வீதியில் நின்று கூப்பிட்டாள். அவன் போய்விட்டான்.